முன்னூற்றுப் பன்னிரண்டு வெளிறிய தளிர்கள்

இன்று முற்றத்துத் தகரத்தைத் தூக்கினேன். அடியில் புல் மஞ்சளாய் வெளுத்திருந்தது. பார்த்ததும் இலங்கையில், நிவித்திகலத் தோட்டத்தில் அம்மா பார்த்துக்கொண்ட தேயிலை நாற்றுமேடை நினைவுக்கு வந்தது. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது.

அந்தக் கோடையில் அம்மா வெயிலுக்குப் பயந்து, நாற்றுகளைக் கெக்கில்ல என்ற பெரணித் தழையால் இரண்டு மடங்கு அடர்த்தியாக மூடிவிட்டார். இரண்டு வாரத்தில் முளைத்த முன்னூற்றுப் பன்னிரண்டு தளிர்களும் வெளிறியே வந்தன.

"எல்லாம் செத்துப்போச்சு, மாரியாயி. நாளையிலருந்து மலையில கொழுந்து எடு" என்று அம்மாவிடம் சொன்னார், வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணி.

அம்மாவின் முழங்காலுக்கு மலை ஏற முடியாது.

"சாகலீங்க கங்காணி" என்றேன். "எலைக்குள்ள உருமணின்னு கண்ணுக்குத் தெரியாத துணுக்கு இருக்கு. இருட்டுல அது மஞ்சளாவே நிக்கும். வெளிச்சம் பட்டா பச்சையாகி, செடிக்குச் சாப்பாடு செய்யும். பள்ளிக்கூடத்துல படிச்சோங்க."

"ஓஹோ, புதுத் தொரை வந்துட்டாரு! ஆறு நாள் தாரேன். ஒன்னு செத்திருந்தாலும் ஒங்கம்மா மலைக்குத்தான்."

தினமும் தழையைச் சிறிது சிறிதாக விலக்கி எண்ணினேன். மூன்றாம் நாள் நாற்பத்தொன்று பச்சையாகின. ஐந்தாம் நாள் இருநூற்றுத் தொண்ணூறு. இன்னும் இருபத்திரண்டு பாக்கி.

ஆறாம் நாள் கங்காணி குடையோடு வந்து தாமே எண்ணினார்.

"முன்னூத்திப் பதினொன்னு. ஒன்னு செத்துருச்சு!"

"ஒங்க கொடைக்குப் பின்னால நிக்குதுங்க."

திரும்பிப் பார்த்தார். பச்சை!

"மேடைய நீயே பாத்துக்க, மாரியாயி" என்றார்.