எலும்பை மட்டும் எடுத்துரு

பன்னிரண்டு வருஷமாகப் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைகிறேன். அதில் நானாக நினைத்து வரைந்தது ஒன்றுகூட இல்லை. கையில் கம்பி மத்தாப்போடு குழந்தை, கிளியோடு குழந்தை, தாமரை மேல் குழந்தை, ஒன்றும் இல்லாமல் சும்மா குழந்தை. எல்லாவற்றிலும் ஒரே முகம்தான். எங்கள் அச்சகத்தில் அந்தக் குழந்தைக்கு என்னைவிட சீனியாரிட்டி அதிகம். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே அது சிரித்துக்கொண்டிருந்தது.

அச்சகத்துக்கும் பட்டாசுக் கம்பெனிக்கும் முதலாளி ஒருவர்தான். சிவகாசியில் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்பார்கள், நானும் அப்படித்தான். ஒரு சீசனுக்குப் புது அயிட்டம் இறக்கினார். பற்ற வைத்தால் விசிலடித்துக்கொண்டே பொங்குகிற பூச்சட்டி. “பாட்டுப் பாடுற மாதிரி ஏதாச்சும் லேபிள் போடும்மா” என்றார்.

அந்த வாரம்தான் என் மகள் டிவியில் ஒரு பொம்மைப் படம் போட்டுக் காட்டியிருந்தாள். வெளிநாட்டுக் கிறிஸ்துமஸ் படம். கல்லறைத் தோட்டத்து எலும்புக்கூடு ஒன்று பண்டிகைக்கு முதல் நாள் எழுந்து ஊருக்குள் வந்து வீடு வீடாகப் பாடுகிறது. யாரும் கதவைத் திறக்கவில்லை. கடைசி வீட்டில் மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சாப்பிட உட்கார வைக்கிறார்கள். மகள் சிப்ஸ் தின்றுகொண்டே பார்த்தாள். நான் அழுதுவிட்டேன்.

மறுநாள் ஆபீஸில் ஓர் எலும்புக்கூட்டை வரைந்தேன். படத்தில் வந்தது கோட்டுப் போட்ட, சோகமான எலும்புக்கூடு. என்னுடையது வேறு. கையில் மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய வாய் திறந்து பாடி, ஒற்றைக் காலைத் தூக்கி ஆடிக்கொண்டிருந்தது. இந்த ஒரு லேபிள் மட்டும் அச்சேறிவிட்டால் போதும், மிச்சக் காலத்துக்குக் குழந்தையே வரைகிறேன் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். அவ்வளவு ஆசையாக அதற்கு முன் எதையும் வரைந்ததில்லை.

அண்ணாச்சி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். “நல்ல நாளும் அதுவுமா என்னம்மா இது?” என்றார். படத்தைப் பற்றிச் சொன்னேன். எங்கள் ஊரில் எந்தப் புதுச் சரக்கையும் பொட்டலில் வைத்துக் கொளுத்திப் பார்த்து, நாலு பேரிடம் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். அண்ணாச்சி அந்த வழக்கத்தைப் படத்துக்கும் வைத்துவிட்டார். “ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வா. எல்லாரும் உக்காந்து பாப்போம். நாலு பேரு என்ன சொல்றாகளோ அதும்படி செய்வோம்.”

ஞாயிறு மத்தியானம் கறிச்சோறு முடிந்து படம் ஆரம்பமானது. பார்த்தவர்கள் அண்ணாச்சி, நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி, ஊரிலிருந்து வந்திருந்த அக்காவின் அண்ணன், முப்பது வருஷமாகக் கம்பெனியில் இருக்கும் போர்மேன். நான் ஓரமாக, பரீட்சை எழுதுகிறவள்போல உட்கார்ந்திருந்தேன்.

முதல் கருத்து அக்காவின் அண்ணனிடமிருந்து வந்தது. அவர் நிலபுலம் உள்ளவர், எதையும் உறுதியாகப் பேசுவார். “என்ன மாப்ள, விக்கி விக்கி நடக்குது? சிக்னல் சரியில்ல போல. ஆளக் கூட்டியாந்து பாக்கச் சொல்லும்.” நான் விளக்கினேன். அது பொம்மை. கையை ஒரு நூல் அளவு நகர்த்தி ஒரு போட்டோ, இன்னொரு நூல் அளவு நகர்த்தி இன்னொரு போட்டோ, அப்படியே ஆயிரக்கணக்கில் எடுத்து ஓட்டினால் ஆடுவதுபோலத் தெரியும். அண்ணாச்சி கேட்டார். “அப்ப ஒரு நாளைக்கு எத்தன பீஸ் தேறும்?”

“ரெண்டு, மூணு செகண்டுக்கான படம்தான் அண்ணாச்சி.”

“கட்டுபடியாகாதே” என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

போர்மேன் எலும்புக்கூட்டைப் பார்க்கவே இல்லை. அவர் பார்த்தது அதன் கையிலிருந்த மெழுகுவர்த்தியை. கல்லறைப் பேய்கள் கூடியிருந்த வைக்கோல் கொட்டகைக்குள் அது போனதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “ஏம்மா, வாசல்ல மணல் வாளி இருக்கா? தண்ணித் தொட்டி இருக்கா? ஒரு ரூமுக்கு இம்புட்டுப் பேருதான்னு கணக்கு இல்லையா? அம்புட்டுப் பேயும் உள்ள நின்னுல்ல பாடுது!” பேய்களின் கூட்டுப் பாட்டு முடிகிறவரை அவர் உட்காரவில்லை. அந்தக் கோட்டு நைலானாக இருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அக்கா அழுதார். எனக்கு நம்பிக்கை வந்தது. எலும்புக்கூட்டுக்குக் கடைசி வீட்டில் சூப் ஊற்றினார்கள், அது விலா எலும்பு வழியாகத் தரையில் ஒழுகியது. அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு, “பாவம், ரசத்த மட்டும் ஊத்துறாக. சோறு போட்டாத்தான உள்ள நிக்கும்?” என்றார்.

அக்காவின் அண்ணன் நடுவில் முக்கால் மணி நேரம் தூங்கிவிட்டு விழித்து, “படம் அருமை. ஆனா ஓடாது” என்றார்.

பிறகு என் லேபிளை நடுவில் வைத்தார்கள். போர்மேன் பருத்திச் சட்டை போடச் சொன்னார், பட்டாசு பிடிக்கிறவன் வேறெதுவும் போடக்கூடாது. அக்கா கன்னத்தில் கொஞ்சம் சதை வைக்கச் சொன்னார். அவர் அண்ணன், “இருக்கன்குடில மொட்ட போட்டுட்டு வந்த மாதிரி இருக்கான், தலைக்கு முடி வைம்மா” என்றார். ஒவ்வொருவரும் அன்பாகத்தான் சொன்னார்கள். யாருக்கும் அதைப் பிடிக்காமல் இல்லை, அதுதான் கொடுமை.

கடைசியில் அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார். “எனக்கும் பிடிச்சிருக்கும்மா. ஆனா தீவாளியன்னிக்குக் காலங்காத்தால பெட்டிய எடுக்கிறவன் மொதல்ல எலும்பையா பாக்கணும்? நீ ஒண்ணும் பெருசா மாத்த வேண்டாம். எலும்ப மட்டும் எடுத்துரு. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும். ஆடுறதுக்குப் பதிலா ஒரு தாமரையில உக்கார வச்சிரு.”

சரி என்று தலையாட்டினேன். பன்னிரண்டு வருஷப் பழக்கம்.

திங்கட்கிழமை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நீலத்தில் சட்டை போட்டேன். கன்னம் வைத்தேன். கறுப்பாக முடி வைத்து வகிடு எடுத்தேன். உடம்பெல்லாம் மஞ்சளும் சிவப்பும் கலந்து தோல் நிறம் பூசினேன். தூக்கிய காலுக்கு மேல் அடர்சிவப்பில் தாமரையை வைத்து, சம்மணம் போட்டு உட்கார வைத்தேன். தள்ளி நின்று பார்த்தேன். அந்தப் பழைய சனியன் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. எலும்பை எடுக்கவில்லை. அதன் கறுப்புக் கோடுகளை மெலிதாக்கி, தோலுக்கும் தாமரைக்கும் அடியிலேயே விட்டுவிட்டேன். திட்டமெல்லாம் ஒன்றும் இல்லை, வெறும் வீம்பு. மிஷின்மேன் கறுப்பு மைக்கான அச்சுப் பிளேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “என்னக்கா, பிள்ளைக்கு உள்ள எலும்பு தெரியுது?” என்றான்.

“உனக்கு உள்ள என்ன இருக்கு?” என்று கேட்டேன். பிளேட்டை மாட்டி மிஷினை ஓட்டினான்.

அண்ணாச்சி முதல் தாளைப் பார்த்து, “கொஞ்சம் நெழலடிக்குது, ஆனா நல்லா இருக்கு. இதத்தான் நான் மொதல்லயே மனசுல நெனச்சேன்” என்றார். பூச்சட்டி நன்றாக விற்றது. ஜனங்கள் பெட்டியைப் பிரித்து, வழக்கம்போல் அட்டையைக் குப்பையில் போட்டார்கள். லேபிளைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுவருஷம் வெயில் காலத்தில் ஒரு மனு கொடுப்பதற்காகச் சூலக்கரை கலெக்டர் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆமத்தூர் தாண்டி வண்டி பஞ்சர். பஞ்சர் கடைக்குப் பக்கத்தில், வருஷம் முழுக்கத் திறந்திருக்கும் பட்டாசுக் கடை ஒன்று. நிழலுக்கு ஒதுங்கியவள் கண்ணாடி அலமாரியைப் பார்த்து நின்றுவிட்டேன்.

என் எலும்புக்கூடு அங்கே இருந்தது. வெயில் பட்டால் அச்சில் முதலில் மஞ்சள் போகும், அப்புறம் சிவப்பு. கறுப்பும் நீலமும்தான் கடைசிவரை நிற்கும். கன்னம் போயிருந்தது, தோல் போயிருந்தது. நீலப் பருத்திச் சட்டை மாட்டிக்கொண்டு, வகிடெடுத்துத் தலை சீவி, முப்பத்திரண்டு பல்லும் தெரிய அது பாடிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

“அண்ணே, அந்தப் பெட்டியக் குடுங்க.”

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “அது விக்கிறதுக்கு இல்லம்மா. வேற எடுத்துக்கங்க.”

“ஏண்ணே?”

“தை மாசம் வரைக்கும் அது பிள்ளையாத்தான் இருந்துச்சு. மொதல்ல வெரல் தெரிஞ்சுச்சு. அப்புறம் பல்லு. தெனம் கொஞ்சம் கொஞ்சமா மாறுது. பள்ளிக்கூடம் விட்டா பிள்ளைக அம்புட்டும் இங்கனதான் நிக்கும், இன்னிக்கு எம்புட்டு வந்திருக்குன்னு பாக்க. பெரியவுகளும்தான் வண்டிய நிறுத்திப் பாக்காக. பஞ்சர் கடைக்காரரு அது சிரிக்குதுங்கிறாரு. ஒரு சின்னப் பிள்ள, இல்ல, பாடுதுன்னு சொல்லுச்சு.”

பாடுகிறது என்று ஒரு பிள்ளை சொல்லியிருக்கிறது.

“அத நான்தாண்ணே வரைஞ்சேன்” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வெயிலில் வந்த பொம்பளை, பாவம் என்று நினைத்திருப்பார். “உக்காருங்கம்மா, தண்ணி குடிங்க. இத யாரும் வரையல. வெயிலு வரைஞ்சது” என்று சொல்லிவிட்டு, நான் நிழலில் இருக்கட்டும் என்று தார்ப்பாயை அவிழ்த்து இறக்கப் போனார். அலமாரி மேல் நிழல் விழுந்தது.

“இறக்காதீங்கண்ணே” என்று கத்திவிட்டேன்.

“ஏம்மா?”

“இன்னும் கால் வரல. அந்தத் தாமரை வெளுக்கட்டும். அது உக்காந்திருக்கல, ஒத்தக்காலத் தூக்கி ஆடிக்கிட்டிருக்கு.”

அவர் தாமரையைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தார்ப்பாயை மறுபடி மேலே சுருட்டிக் கட்டினார்.