இரும்புச் சுவருக்குள் இருந்த பட்சி

கோமதேஷ் இறந்து ஓராண்டு நிறைந்த வாரத்தில், அவன் மனைவி தனலட்சுமி செஞ்சி வீட்டைக் காலி செய்துகொண்டு அவலூர்பேட்டையில் இருக்கும் பிறந்த வீட்டுக்குப் போவதென்று முடிவாயிற்று. பிள்ளை இல்லாத வீடு. போகாதே என்று சொல்ல எவரிடமும் ஒரு காரணம் இல்லை. சாமான்களைக் கட்டிக்கொடுக்க அனந்தபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள் திரிசலா. கோமதேஷின் அக்கா, நான்கு வயது மூத்தவள். அனந்தபுரத்துப் பள்ளியொன்றில் கணக்கு ஆசிரியை. சரியான விடை எழுதிய பிள்ளையையும் ‘வழிமுறை எங்கே?’ என்று சிவப்பு மையால் கேட்டே பெயர் வாங்கியவள்.

பரணை ஒழிக்கும்போது பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒரு மூட்டை அகப்பட்டது. தனலட்சுமி அவிழ்த்தாள். வெண்மை போய்ப் பழுப்பேறிய வீடியோ கேம் பெட்டி, வயர் சுருண்ட இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரே ஒரு கேசட்.

“இதானே அண்ணி அது?”

“எது?”

“அவரு மாம்பழத்த உட்டாரே, இதுக்காகத்தானே?”

திரிசலா தலையை மட்டும் அசைத்தாள்.

“ஒருதரம் ஓட்டிக் காட்டுங்க. கடசி வாய்க்கு மொகத்தத் திருப்பிக்கினாரே, அப்பிடி இதுல இன்னாதான் இருக்குதுன்னு பாத்துட்டுப் போறேன்.”

இதைக் கேட்கத் தனலட்சுமிக்கு ஓராண்டு பிடித்தது. சென்ற சித்திரையில் கணையத்துக் கட்டி அவனைப் படுக்கையோடு சேர்த்துவிட்டிருந்தது. கஞ்சி, மோர், இளநீர் எதையும் வயிறு ஏற்கவில்லை. பதினான்கு வருட இல்வாழ்க்கையில் ஒருமுறைகூட மாம்பழத்தை அந்த வீட்டு வாசற்படி ஏற்றாதவள், அன்று ஒரு பழத்தை வாங்கிவந்து பிழிந்து, கரண்டியில் எடுத்து அவன் உதட்டருகே கொண்டுபோனாள். வாசனைக்கு அவன் கண் திறந்தது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். மூன்றாம் நாள் போய்விட்டான். சாவை அவள் ஒருவாறு பொறுத்துக்கொண்டாள். அந்தத் திருப்பலைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. பசித்தவனுக்கும் கரண்டிக்கும் நடுவே சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு ஒன்று வந்து நிற்குமா?

கோமதேஷ் அப்படிப்பட்டவன்தான். பஸ் நிலையத்துக்குப் பின்னால் விதைக்கடை வைத்திருந்தான். விதை உண்டு, தார்ப்பாய் உண்டு, மண்வெட்டிக் காம்பு உண்டு. பூச்சிமருந்து மட்டும் கிடையாது. வாடிக்கையாகக் கடலை விதை வாங்கவரும் விவசாயி பாவாடை விடமாட்டார். “இன்னா நைனாரே, பூச்சி உனக்குச் சொந்தக்காரனா?” என்பார். “பங்காளிங்க. வெட்டுக்குத்து வேணாம்னு இருக்கேன்” என்று சிரித்துக்கொண்டே விதையை அளப்பான். சொன்ன சொல்லை விடாதவன் என்று ஊர் அவனை மெச்சியது. அந்த மெச்சலுக்கு விலை கொடுத்தவள் தனலட்சுமி ஒருத்திதான்.

அந்த விளையாட்டு அக்கா தம்பியின் பிறந்த வீட்டுக்குள் நுழைந்ததே ஒரு பஞ்சாயத்தில்தான். தொண்ணூற்று நான்கில் மாமா ஒருவர் பாண்டிச்சேரியிலிருந்து வாங்கிவந்தார். கூடவே இரண்டு கேசட். ஒன்றில் பறக்கும் வாத்துகளைத் துப்பாக்கியால் சுட வேண்டும். அவர்கள் தந்தை சம்பவநாதன் ஐந்து நிமிடம் பார்த்தார்; எழுந்துபோய்க் கேசட்டை உருவி மாமாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“படந்தானே நைனா, உசுரா இருக்குது?” என்றான் பத்து வயதுக் கோமதேஷ்.

“மாவுல கோழி செஞ்சு அறுத்தாலும் அறுத்த பாவம் அறுத்ததுதான்டா. கத்தி எறங்கறதுக்கு முன்னாடியே மனசு எறங்கிடுது.”

தலைமுறை தலைமுறையாகச் சமணம் தழுவிய குடும்பம். பொழுது சாய்ந்தபின் சோறு உண்ணாத வீடு. அங்கே இந்த வாதத்துக்கு மறுவாதம் கிடையாது. அடுத்த கேசட்டைப் போட்டார்கள். திரையின் அடியில், செங்கல் சுவருக்குள் ஒரு பட்சி உட்கார்ந்திருக்கும். மேலேயிருந்து பகை டேங்குகள் சுட்டுக்கொண்டே இறங்கிவரும். மஞ்சள் டேங்க் ஒருவருக்கு, பச்சை டேங்க் மற்றவருக்கு. பட்சி செத்தால் ஆட்டம் முடிந்தது.

“அந்த வண்டிக்குள்ள ஆளு இருக்கானா?”

“ஆளே கெடையாது நைனா. கரண்ட்டுல ஓடுது.”

“அந்தப் பட்சி?”

“அதக் காப்பாத்தறதுதான் நம்ம வேல.”

சம்பவநாதன் நெடுநேரம் யோசித்து அனுமதி கொடுத்தார். ஒரு நிபந்தனை விதித்தார். பகைவன் குண்டு பட்டுப் பட்சி செத்தால் அது விதி. தங்கள் குண்டே பட்டுச் செத்தால் அது ஹிம்சை. சுட்டவர் தமக்குப் பிடித்த பண்டம் ஒன்றை அன்றைக்கு விட்டுவிட வேண்டும். அந்த வீட்டில் விரதம் என்பது புதிதல்ல என்பதால் பிள்ளைகளும் இதை விளையாட்டின் பகுதியாகவே எடுத்துக்கொண்டார்கள். திரிசலா தயிரை விட்ட நாள்களும் கோமதேஷ் வெல்லத்தை விட்ட நாள்களும் பல.

தொண்ணூற்றாறு சித்திரையில், ஒரு சதுர்த்தசி நாள். தந்தை உபவாசமிருந்து பின்னால் நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை எட்டாத கட்டத்தை இருவரும் எட்டியிருந்தார்கள். திடீரென்று பட்சி வெடித்தது. பகை டேங்க் ஒன்றும் அருகில் இல்லை.

“யாரு குண்டு?”

“நான் இல்ல நைனா. அவன்தான்,” என்றாள் திரிசலா, மூச்சு விடுவதற்குள்.

கோமதேஷ் அக்காவை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

“சதுர்த்தசியும் அதுவுமா! இரும்புச் சுவருக்குள்ள இருந்த பட்சிய எப்பிடிடா அடிச்ச? இன்னாத்த உடற? எத்தினி நாளிக்கு?”

“மாம்பழம். எப்பவும்.”

கூடத்தில் கூடை நிறையப் பழம் இருந்த மாதம் அது. தந்தையின் கோபம் அந்த ஒரு சொல்லில் பெருமிதமாக மாறிவிட்டது. மறுநாள் மேல்சித்தாமூர் கோயிலுக்கு அழைத்துப்போய்ச் சன்னிதியில் கைகூப்பி மூன்றுமுறை சொல்லவைத்தார். அதன்பின் அது குடும்பத்தின் கதையாயிற்று. கோமதேஷின் கல்யாணப் பந்தியில், “மாப்ள யாரு தெரியுமா? இரும்புச் சுவருக்குள்ள இருந்த பட்சியையே அடிச்சவரு!” என்று சொல்லிப் பெண்வீட்டாரைச் சிரிக்கவைத்தவள் திரிசலாதான். அவனும் சேர்ந்து சிரித்தான்.

டிவி மெக்கானிக் கன்னியப்பன் எங்கிருந்தோ ஓர் அடாப்டர் தேடிக் கொடுத்தார். அரசாங்கம் கொடுத்த பழைய கலர் டிவி மூலையில் இருந்தது. பிற்பகல் மூன்று மணிக்குத் திரையில் செங்கல் சுவர் எழுந்தது. திரிசலாவின் கட்டைவிரலுக்கு இருபத்தொன்பது வருடம் ஒரு பொருட்டாகவே இல்லை.

“நீ பச்ச, தனம். பட்சிகிட்டயே நில்லு. நவுராத.”

“நான் மட்டும் காவலு, நீங்க ஊரு சுத்துவீங்களா?”

“அப்பிடித்தான். அவனும் அங்கதான் நிப்பான்.”

“அய்ய, அது இன்னா மின்னுது?”

“நட்சத்திரம். எடுத்தா டேங்குக்குப் பலம். அது அக்காவுக்கு.”

“அவருக்கு?”

“எடுக்க வந்தா முதுகுல ஒண்ணு வெப்பேன். ஒரு தடவகூடக் குடுத்ததில்ல.”

தனலட்சுமி சிரித்துவிட்டாள். ஓராண்டில் அந்த வீட்டில் எழுந்த முதல் சிரிப்பு அது. திரிசலா இரண்டாவது நட்சத்திரத்தையும் மூன்றாவதையும் எடுத்தாள். பிறகு மண்வெட்டிப் படம் ஒன்று மின்னியது, அதன்மேல் ஏறினாள். பட்சியைச் சுற்றியிருந்த செங்கல் சட்டென்று வெளுத்து இரும்பாயிற்று. பொத்தானைக் கண்டபடி அமுக்கிக்கொண்டிருந்த தனலட்சுமியின் குண்டு நேரே அந்தச் சுவரில் போய் மோதியது.

“ஐயய்யோ அண்ணி, பட்சிய சுட்டுட்டேன்!”

“ஒண்ணும் ஆவாது. அது இரும்பு. உன் குண்டு எறங்காது. மூணு நட்சத்திரம் எடுத்த டேங்குதான் இரும்ப ஒடைக்கும்.”

கரும்பலகைக்கு முன் நின்று சொல்வதுபோல் சொல்லி முடித்தாள். சொன்னபின் அவள் விரல் நின்றது.

இரும்பை உடைக்க மூன்று நட்சத்திரம் வேண்டும். நட்சத்திரம் எல்லாம் அக்காவுக்கு. அன்று பட்சி இருந்தது இரும்புக்குள். அதைச் சொன்னவர் தந்தை. அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள் அவள். இருபத்தொன்பது வருடமாகக் கணக்கு கைக்குள்ளேயே இருந்தது. விடை தனக்கு வசதியாக இருந்ததால் வழிமுறையை அவள் கேட்கவேயில்லை. அன்று தம்பி திரும்பிப் பார்த்த பார்வையைத் தப்பு செய்தவனின் பார்வை என்றே இத்தனை காலம் நினைத்திருந்தாள்.

“இன்னா அண்ணி நிறுத்திட்டீங்க? வராங்க பாருங்க மேல!”

சுவிட்ச் கையெட்டும் தூரத்தில் இருந்தது. அணைத்துவிட்டு, ‘இவ்ளோதான் தனம், வேற ஒண்ணுமில்ல’ என்றால் முடிந்துபோகும். தனலட்சுமி கணவனின் பிடிவாதத்தை நொந்துகொண்டே வண்டி ஏறிவிடுவாள். அண்ணிக்கும் அவளுக்கும் நடுவே ஒரு குறையும் வராது. திரிசலா ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தாள்.

“தனம், அன்னிக்கு அடிச்சது அவன் இல்ல. நான்.”

ஒவ்வொரு படியாக எடுத்துச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் பகை டேங்குகள் இறங்கிவந்து ஆட்டம் முடிந்துவிட்டது. இருவரும் திரையைப் பார்க்கவில்லை.

“அப்ப அவருக்குத் தெரியும்,” என்றாள் தனலட்சுமி.

“தெரியும். பட்சிகிட்டயேதானே நின்னான்.”

“போன வருசம் கட்டுலுக்கு அந்தப் பக்கம் நீங்க நின்னுக்கினுதானே இருந்தீங்க. ‘அது நான்தாண்டா, நீ இல்ல’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த வாய வாங்கியிருப்பாரு.”

“எனக்கு இப்பதான் தெரியுது தனம்.”

அது உண்மைதான். ஆனால் அந்த உண்மை ஒரு பதிலாகாது என்பதும் திரிசலாவுக்குத் தெரிந்தது.

“இனிமே நானும் மாம்பழத்த உட்டுடறேன். நாளைக்கே மேல்சித்தாமூர் போயி…”

“வாணாம்.” தனலட்சுமியின் குரல் உயரவில்லை. “நீங்க உட்டா அவரு தின்னதா ஆயிடுமா?”

திரிசலா கையை நீட்டி டிவியை அணைத்தாள்.

“ஒரு வருசமா அவரு மேல கோவமா இருந்தேன் அண்ணி. காலையில எழுந்துக்கறது அந்தக் கோவத்துல, அடுப்பு பத்த வெக்கறது அந்தக் கோவத்துல. பொண்டாட்டி கையவிட ஒரு வெளையாட்டு பெருசாப் போச்சான்னு தெனம் அந்தச் செவுத்தப் பாத்துத் திட்டுவேன். இப்ப அதுவும் இல்ல. இனிமே நான் இன்னாத்த வெச்சிக்கினு எழுந்துக்கறது?”

“என் மேல வெச்சிக்கோ.”

தனலட்சுமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நரைத்த வகிடு, மூக்குக்கண்ணாடி.

“வெக்கலாம்னுதான் பாக்கறேன். முடியலயே. பதினாறு வயசுப் பொண்ணு, நைனாவுக்குப் பயந்து ஒரு வார்த்த சொல்லிச்சி. அதுமேல எப்பிடிக் கோவப்படறது?”

அப்போதுதான் அவள் அழுதாள். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நடுவே அழாதவள், பதினாறாம் நாளிலும் அழாதவள், பரண் சாமான்களுக்கிடையில் தரையில் குப்புறக் கவிழ்ந்து அழுதாள். தொட்டுத் தூக்கப்போன திரிசலாவின் கை பாதியில் நின்றுவிட்டது. அழுகை ஓயும்வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பஸ்ஸுக்குச் சற்று முன்னால் எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி வந்தது. திரிசலா வந்து பீரோவைத் தூக்கிவைக்க ஒரு கை கொடுத்தாள். கயிற்றை இழுத்துக் கட்டினாள். தனலட்சுமி டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பும்போது வெளியே எட்டிப் பார்த்து, “போறேன் அண்ணி,” என்றாள்.

போறேன் என்று சொல்லக்கூடாது. வரேன் என்றுதான் சொல்லிப் புறப்பட வேண்டும். வகுப்பில் ஒரு பிள்ளை அப்படிச் சொன்னால்கூடத் திரிசலா நிறுத்தித் திருத்துவாள். அன்று அவள் திருத்தவில்லை. “சரிம்மா,” என்றாள்.