மூடியில் வைத்த முதல் கரண்டி

இந்த ஊரில் நாற்காலிக்குக் ‘கலதாய்ங்’ என்று பெயர். ‘தாய்ங்’ என்றால் உட்கார். ‘கல’ என்றால் நாங்கள். மேற்கே கடல் தாண்டி வந்தவர்கள். தரையில் சப்பணமிட்டுச் சாப்பிட்டவர்களுக்குக் கால் வைத்த ஆசனத்தைக் காட்டியவர்கள் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். கொண்டைக்கடலைக்கும் எங்கள் பெயர்தான், ‘கலபே’. ஆனால் பஸ்ஸில் இடம் பிடிக்கும் சண்டையில் அதே ‘கல’வைச் சொன்னால் அது வசவு. சின்ன வயதில் அதைக் கேட்டு அழுதிருக்கிறேன். இப்போது அழுவதில்லை. யாங்கூன் நகரமே காலையில் எங்கள் பெயரை மென்று, எங்கள் பெயரின் மேல் உட்கார்ந்து ஏப்பம் விடுகிறது. திட்டுகிறவர்கள் முதலில் எழுந்து நின்றுகொண்டு சாப்பிடட்டும், பிறகு பேசலாம்.

அப்பா வழியில் எல்லோரும் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர்கள். அம்மா கியாக்தானைச் சேர்ந்த பர்மியர். நான் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் நகரத்தை ஒட்டி ஓடும் ஓடைக்கு அக்கரையில், தாகேதாவில். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் அவர்கள் பேசுவது பர்மியம். தமிழில் அவர்களிடம் மிச்சமிருப்பது பெரும்பாலும் சாப்பாட்டுச் சொற்கள்தான். பாஷை போனாலும் பசி போகாது அல்லவா? அதனால் நான் தட்டிலிருந்துதான் பாடத்தைத் தொடங்குவேன். ஒவ்வொரு சொல்லும் யார் வீட்டிலிருந்து புறப்பட்டு எங்கள் அடுப்புக்கு வந்தது என்று பிரித்துப் பிரித்துச் சொல்வேன். இது எனக்குக் கெட்ட பழக்கமாகவே ஆகிவிட்டது. யாராவது ஒரு சொல்லைத் தாழ்த்திப் பேசினால் என்னால் சும்மா இருக்க முடியாது.

அந்தப் பழக்கம்தான் என் மகளுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அவள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். அங்கே கூட வேலை செய்யும் திருச்சிப் பையனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. எங்களுக்கும் பிடித்தது. பையனின் அப்பா பக்கவாதம் வந்து படுக்கையில் இருப்பவர். அதனால் அம்மாவும் தாய்மாமனும் மட்டும் புறப்பட்டு வந்தார்கள். பையனுக்கு லீவு கிடைக்கவில்லை, என் மகள் மட்டும் லீவு போட்டு வந்திருந்தாள். பெண் வீட்டைப் பார்த்த பிறகுதான் பதில் சொல்வோம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆக, எங்கள் வீட்டு மதியச் சாப்பாடுதான் பரீட்சை.

முந்தின நாள் புளிச்சகீரையை ஆய்ந்துகொண்டிருந்தபோது மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எதையும் பர்மியத்தில் பேசுகிறவள், இதை மட்டும் தமிழில் சொன்னாள். அம்மாவைக் கூப்பிடும் ‘அமே’யும் கடைசியில் கெஞ்சும் ‘நோ’வும்தான் அதில் பர்மியம்.

“அமே, நாளைக்கு அவங்க என்ன சொன்னாலும் திருத்தாதீங்க நோ. எனக்கு அவர்தான் வேணும்.”

என் கணவர் அடுத்த அறையிலிருந்து சேர்ந்துகொண்டார். “ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு சொல்லுவாங்க. உன்ன பொய் சொல்லக்கூடச் சொல்லல. சும்மா இருந்தாப் போதும்.”

சரி என்றேன். பெற்ற பெண் கேட்கும்போது வேறு என்ன சொல்வது?

மறுநாள் மின்சாரம் போயிருந்தது. கைவிசிறியைக் கையில் கொடுத்து அவர்களை உட்காரவைத்தேன். பையனின் அம்மா அதிகம் பேசாதவர். தாய்மாமன் இருவருக்கும் சேர்த்துப் பேசினார். இங்கத்திய வழக்கப்படி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேசை நடுவில் வைத்தேன். புளிச்சகீரையில் போட்ட இறால், கோழி, கத்திரிக்காய், பருப்பு எல்லாம் இருந்தன.

“சோறு போடட்டுங்களா?” என்று கேட்டேன்.

“சாதம்னு சொல்லுங்கம்மா. சோறுன்னா நம்ம பக்கம் கொஞ்சம் மட்டமா இருக்கும்” என்றார் தாய்மாமன், சிரித்துக்கொண்டே.

சாதம், கோயில் பிரசாதத்தின் வழியாக வீட்டுக்குள் வந்த சொல் என்பார்கள். சோறு அதற்கு வெகுகாலம் முன்பே அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. முன்னால் இருந்தவளைப் பின்னால் வந்தவள் மட்டம் என்கிறாள். இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். மேசைக்கடியில் மகளின் கால் என் காலை மிதித்தது.

பருப்புக்கு நாங்கள் சொல்லும் பெயர் ஆணம். “ஆணமா? அது பாய் வீட்ல சொல்றதுல்ல?” என்றார். ஆமாம், அவர்கள் சொல்வதுதான். தமிழ்நாட்டில் பல வீடுகள் மறந்துவிட்ட பழைய சொல்லை அவர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். துறைமுகக் குடிசையில் எங்கள் ஆட்களோடு ஒரே சட்டியில் சமைத்தவர்கள், ஆணத்தை ஊற்றும்போது சொல்லையும் சேர்த்து எங்களுக்கு ஊற்றினார்கள். அதில் எனக்கு வெட்கமில்லை, பெருமைதான். இதையும் விழுங்கினேன்.

“கத்திரிக்காய்க் கறி போட்டுக்கங்க” என்றேன். “கறின்னா ஆடுங்க” என்று அதற்கும் சிரித்தார். கறி என்றால் ஒரு காலத்தில் மிளகு. ஆடு அப்போது எங்கோ மேய்ந்துகொண்டிருந்தது. மகளின் கால் இந்த முறை என் காலை விட்டு எடுபடவே இல்லை.

வாயைத்தான் கட்டச் சொன்னாள். கையைக் கட்டச் சொல்லவில்லை. நானும் கையைப் பற்றி நினைக்கவில்லை.

எங்கள் வீட்டில் யாரும் முதல் வாய் எடுப்பதற்கு முன்னால் ஒன்று நடக்கும். அதற்கு ‘ஊச்சா’ என்று பெயர். தமிழ்நாட்டுக்காரர்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துக்கொள்ளுங்கள். பர்மியத்தில் ‘ஊ’ என்றால் தலை, முதல். வயதில் பெரியவர்களின் பெயருக்கு முன்னால் மரியாதைக்குப் போடும் ‘ஊ’வும் அதே எழுத்துதான். ‘ச்சா’ என்றால் இறக்கி வைப்பது. பானையில் இருந்து முதலில் எடுப்பது பெரியவர் தட்டுக்குப் போகவேண்டும். பெரியவர் ஊரில் இல்லையென்றால் அவர் பங்கை எடுத்துத் தனியாக வைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் சாப்பிடுவோம். கப்பலுக்குப் போனவர், வேலைக்குப் போனவர், ஆஸ்பத்திரியில் கிடப்பவர், எல்லோருக்கும் உண்டு. நீ இங்கே இல்லை, ஆனாலும் உன்னை விட்டுவிட்டுச் சாப்பிடவில்லை என்று அதற்கு அர்த்தம். எங்கள் வீட்டில் உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டுமே இது உண்டு.

அன்றைக்குப் பெரியவர் யார்? பையனின் அப்பா. திருச்சியில் படுத்திருக்கிறார். என் கை தானாகவே த்வாண்டே ஊரில் சுட்ட மண்சட்டியின் மூடியைத் திருப்பி வைத்து, முதல் கரண்டிச் சோற்றை எடுத்து, அதன்மேல் கொஞ்சம் ஆணமும் ஊற்றி, மேசை ஓரத்தில் வைத்தது.

“அது யாருக்கு?” என்று கேட்டார் பையனின் அம்மா.

“உங்க வீட்டு ஐயாவுக்கு.”

அவர் கை அப்படியே நின்றது. முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. “உசுரோட இருக்கிற மனுசனுக்கா படையல் போடுறீங்க?” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் ஊரில் ஆளில்லாமல் தனியாக எடுத்து வைக்கும் சோறு செத்தவர்களுக்கு. ஏற்கனவே படுக்கையில் இருக்கும் கணவருக்கு நான் வைத்த மரியாதை, அவர் கண்ணுக்குத் திவசமாகத் தெரிந்தது.

தாய்மாமன் எழுந்துவிட்டார். “இதைக் கொண்டுபோய்க் கொட்டிட்டு, விளக்கேத்தி, என் அக்காகிட்ட மன்னிப்புக் கேளுங்க. இல்லேன்னா நாங்க கிளம்புறோம்.”

என் கணவரின் கை மூடியை நோக்கி நீண்டது. நான் அதன்மேல் என் கையை வைத்தேன்.

“எடுக்காதீங்க” என்றேன். பிறகு பையனின் அம்மாவைப் பார்த்துச் சொன்னேன். “உங்க பக்கத்துப் பழக்கம் எனக்குத் தோணல. உங்க மனசு நொந்ததுக்கு வருத்தந்தான். ஆனா இத எடுக்க மாட்டேன். எங்க வீட்ல உசுரோட இருக்கிறவங்களுக்குத்தான் ஊச்சா வெப்போம். வெச்சதுல தப்பில்ல. எடுத்துக் கொட்டுனாத்தான் இந்த வீட்ல அவருக்கு எடமில்லன்னு ஆகும். அதுக்கு என் கை வராது.”

பயமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். மகளின் கண் நிறைந்திருந்தது. சொல்லுக்குச் சொல் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு கரண்டிச் சோற்றுக்காக அவள் கல்யாணத்தையே கவிழ்த்துவிட்டேனே என்று பட்டது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. எங்களைப் பெயர் சொல்லி ஏசுகிறவர்களுக்கும் நான் வளைந்து கொடுத்ததில்லை, எங்கள் தமிழை மட்டம் என்கிறவர்களுக்கும் வளைந்து கொடுக்கப் போவதில்லை. சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு மட்டும் என்ன தனி வழக்கம்?

மகள் என் பக்கமும் பேசவில்லை, அவர்கள் பக்கமும் பேசவில்லை. ஃபோனை எடுத்துத் திருச்சிக்கு வீடியோ கால் போட்டாள். அங்கே இப்போதைக்கு அவரைப் பார்த்துக்கொள்ளும் பெண் எடுத்து, படுக்கைப் பக்கம் திருப்பினாள். தலையணையில் சாய்ந்து, ஒரு பக்கம் வாய் இழுத்த முகம் தெரிந்தது.

“மாமா” என்றாள் மகள். தமிழ் அவளுக்குத் திக்கியது. “எங்க வீட்ல, பெரியவங்க இங்க இல்லன்னா, அவங்களுக்கு மொதல்ல சோறு எடுத்து வெப்போம். அப்புறம்தான் நாங்க சாப்பிடுவோம். அம்மா உங்களுக்கு வெச்சிருக்காங்க. அது தப்புன்னு சொல்றாங்க. எடுத்துடவா? நீங்க சொல்லுங்க.”

ஃபோனை மூடிக்கு நேரே காட்டினாள். அவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“எனக்கா?” என்றார். பேச்சு குழறியது, ஆனால் புரிந்தது. “மொதல்லயா?”

“ஆமா மாமா.”

“இங்க எல்லாரும் சாப்பிட்டு, ஏனம் கழுவுனப்பறந்தான் எனக்கு வரும்” என்றார். குறையாகச் சொல்லவில்லை. வெளியே வெயில் அடிக்கிறது என்பதைப் போல்தான் சொன்னார்.

தாய்மாமன் குனிந்து ஃபோனைப் பார்த்தார். “மச்சான், அது அபசகுனம்...”

“நீ சும்மா இருப்பா. அது எனக்கு வெச்ச சோறு. கொட்டிராதீங்க.”

அழைப்பு முடிந்தது. தாய்மாமன் மெல்ல உட்கார்ந்தார். பையனின் அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஊட்டணும். நேரமாவும். அதான் எல்லாருக்கும் போட்டுட்டுக் கடைசியா...” என்றார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

எனக்கு நாக்கு நுனியில் சுடச்சுட ஒரு பதில் இருந்தது. சொல்லவில்லை. மகள் காலை மிதித்ததால் அல்ல. அந்த அம்மாவின் விரல்களைப் பார்த்தேன். வருடக்கணக்காக ஒரு மனிதனைத் தூக்கிக் குளிப்பாட்டி ஊட்டிய விரல்கள் அவை. என் கோபத்துக்கு அங்கே வேலை இருக்கவில்லை. ஆனால் மூடியின் மேலிருந்த கையை மட்டும் நான் இன்னும் எடுக்கவில்லை.

அவர் நடுவிலிருந்த கிண்ணத்தை இழுத்தார். கரண்டியால் கீரையை விலக்கி, இருப்பதிலேயே பெரிய இறாலாகத் தேடி எடுத்தார். கொஞ்சம் நகருங்கள் என்று கண்ணால் சொல்லிவிட்டு, என் கையை ஒதுக்கி, அதை மூடியிலிருந்த சோற்றின் மேல் வைத்தார்.

“எறா இல்லாம வெச்சா அவரு தொட மாட்டாரு, சம்பந்தி” என்றார்.