ஒரே டப்பாவில் இரண்டு களிம்பு

நெடுங்காட்டைத் தாண்டி, வாய்க்கால் கரையோரமாகக் காரைக்காலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். வெயில் பட்டால் எரியும் என்று இரண்டு கைகளையும் துண்டால் சுற்றியிருந்தேன். எழுபதுகளின் கடைசி அது. நான் இலை போட்டுப் பரிமாறிய சாப்பாட்டுக் கடையின் முதலாளி, இனி வர வேண்டாம் என்று அப்போதுதான் சொல்லியிருந்தார்.

பாத்திரமும் நான்தான் கழுவ வேண்டும். சோடா உப்புத் தண்ணீரில் ஊறி விரலிடுக்கெல்லாம் வெடித்துத் தோல் உரிந்தது. அந்தக் கையால் சோறு போட்டால் யார் சாப்பிடுவார்கள்? கை ஆறியதும் வா, இடம் உனக்குத்தான் என்று முதலில் நல்லபடியாகத்தான் அனுப்பினார். சோறும் படுக்க இடமும் உள்ள வேலை எனக்கு அதற்குமுன் அமைந்ததில்லை.

கடைத்தெருவுக்குப் போனேன். சொறி, சிரங்கு, படர்தாமரை எல்லாவற்றுக்கும் சின்னத் தகர டப்பாவில் ஒரே களிம்பு. பூசினால் மிளகாய் அரைத்த கை மாதிரி எரிந்தது. கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன்.

"எரிஞ்சாத்தான் தம்பி மருந்து. எரியாததுக்குப் பேரு மூஞ்சிக்குப் பூசுற ஸ்நோ" என்றார்.

நம்பினேன். பாதி டப்பா தீர்ந்தது, மிச்சமிருந்த தோலும் தீர்ந்தது.

பிறகு பெரியாஸ்பத்திரி. டாக்டர் தொடாமலே பார்த்தார். கடைக் களிம்பை விடு, தண்ணீரில் கை வைக்காதே என்றார். நடவு, மீன், எச்சில் பாத்திரம் என்று எல்லாமே தண்ணீராக இருக்கிற ஊரில் வேறு என்ன வேலை செய்வது என்று கேட்க வாயெடுத்தேன். அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார்.

அங்கே வெள்ளைக் களிம்பை ஜாடியிலிருந்து வழித்துத் தருவார்கள். டப்பா நாம்தான் கொண்டுபோக வேண்டும். என்னிடம் இருந்தது கடைக் களிம்பு டப்பாதான். பாதி மருந்தை எறிய மனம் வராமல், அதன் மேலேயே வாங்கிக்கொண்டேன். இரண்டில் ஒன்று கேட்காதா என்று குழைத்துப் பூசினேன். கை முழங்கை வரை வீங்கிவிட்டது.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, களிம்பு வழித்துத் தரும் கம்பவுண்டர் டப்பாவை மோந்து பார்த்தார்.

"ரெண்டு பொண்டாட்டிக்காரன் மாதிரி ரெண்டையும் வச்சிருக்கீங்க. ஒண்ணாவது ஒங்களுக்குச் சோறு போடுமா?"

வரிசையே சிரித்தது. அவரே டப்பாவைத் துடைத்து, வெள்ளைக் களிம்பை மட்டும் நிரப்பித் தந்தார். வீக்கம் வடிந்தது, ஆனால் சிவப்பு போகவில்லை. அதோடுதான் சாப்பாட்டுக் கடைக்குத் திரும்பினேன். வேறு ஆள் பரிமாறிக்கொண்டிருந்தார்.

"நீ வருவேன்னு எத்தனை நாளு தம்பி பந்தியை நிறுத்தி வைக்கிறது?" என்றார் முதலாளி. துண்டைக் கைகளில் சுற்றிக்கொண்டு காரைக்காலைப் பார்த்து நடந்தேன்.

மறுநாள் காலை தருமபுரம் பக்கம் ஒரு நெல் மில்லில் ஆள் கேட்டார்கள். அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் கொட்டிக் காயவைக்கிற வேலை. மேஸ்திரி கேட்பதற்கு முன்பே துண்டை அவிழ்த்து நீட்டினேன்.

"கையை யாரு கேட்டா? காலைக் காட்டு" என்றார்.

நெல்லைக் கிளறுவது காலால்தான். பித்தவெடிப்பு இருக்கிறதா என்று பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் களத்தில் இறங்கச் சொன்னார். நெல் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மடியில் இருந்த களிம்பைக் காலுக்கும் பூசலாமா என்று கம்பவுண்டரிடம் கேட்காமல் வந்துவிட்டேனே என்று எரிச்சலாக இருந்தது.