சைவ வீட்டில் ஒரு முட்டை

கிழக்குத் தாம்பரத்தில் வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும், வாடகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே வருகிற கேள்வி, "நீங்க என்ன சாப்பிடுவீங்க?" என்பதுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நானும் கணவரும் தெருத் தெருவாகப் போவோம். அந்தக் கேள்வியோடு திரும்பி வருவோம். அலுத்துப்போய், கடைசியாகப் பார்த்த மாடி வீட்டில், "சைவம்தான்" என்று கணவர் சொல்லிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. கேளம்பாக்கத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளியின் வேன் அந்தத் தெருமுனையில்தான் நிற்கும். அதற்குமேல் நடக்க என்னால் ஆகாது.

குடிவந்த கொஞ்ச நாளில் வேனிலேயே மயங்கி விழுந்தேன். ரத்தத்தில் சத்தே இல்லையென்ற டாக்டர், தினமும் முட்டை சாப்பிடச் சொன்னார். சொல்வது சுலபம். அடுப்பில் வைத்தால் வாசனை கீழே போய்விடும், வீடும் போய்விடும். அப்போதுதான் கல்யாணத்துக்கு வந்த மைக்ரோவேவ் கண்ணில் பட்டது. காபி கோப்பையில் சொட்டு எண்ணெய் தடவி, முட்டையை உடைத்து ஊற்றி, மஞ்சள் கரு வெடிக்காமலிருக்கப் பல்குச்சியால் குத்தி, உப்பும் மிளகும் தூவி மூடி வைத்தால், தலை வாருவதற்குள் வெந்துவிடும். ருசியெல்லாம் கிடையாது. ரப்பரை மெல்கிற மாதிரி இருக்கும். நின்றபடியே விழுங்கிவிட்டு ஓடுவேன்.

முட்டையைக் கேளம்பாக்கத்தில் வாங்கிவருவேன். ஓட்டைத் தாளில் சுற்றிப் பள்ளிக் குப்பைத் தொட்டியில் போடுவேன். மிச்ச வாசனைக்கு ஊதுபத்தி. எங்கள் சபையில் அந்தப் பழக்கமே இல்லை. "பாஸ்டர் பாத்தா நமக்காக ஸ்பெஷல் ஜெபம் வச்சிடுவாரு" என்பார் கணவர். கீழே குடியிருந்த வீட்டுக்கார அக்காவுக்கோ பரம சந்தோஷம். "உங்களைப் பாத்தா கிறிஸ்டியன்ஸ்னே தெரியல. காலையில ஊதுபத்தி வாசனை எவ்ளோ நல்லா வருது" என்றார் ஒருநாள். எனக்கு எரிச்சலாக வந்தது. சிரித்து வைத்தேன்.

ஒரு நாள் காலை, மறைமலை நகரில் நைட் ஷிப்ட் முடித்து வந்த கணவர், நான் எழுந்திருக்க முடியாமல் கிடப்பதைப் பார்த்துவிட்டு, தானே முட்டை வைத்தார். உடைக்காமல், கோப்பைத் தண்ணீரில் முழுசாகப் போட்டு மைக்ரோவேவில் வைத்திருக்கிறார். வெந்ததை உரித்து என் கையில் கொடுத்துவிட்டுப் பால் வாங்கப் போனார். கடித்தேன். பட்டாசு மாதிரி முகத்தில் வெடித்தது. அலறிவிட்டேன்.

சிலிண்டர் வெடித்துவிட்டதென்று நினைத்து, அக்கா தலையில் கட்டிய ஈரத் துண்டோடு மாடிக்கு ஓடி வந்தார். என்னைப் பார்த்தார். தரையில் சிதறிக் கிடந்ததைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் என்னைக் குழாயடிக்கு இழுத்துப் போய் முகத்தில் தண்ணீர் அடித்தார். முடியிலும் புருவத்திலும் ஒட்டியிருந்த மஞ்சள் துணுக்குகளை வெறும் விரலால் எடுத்தார். பிறந்ததிலிருந்து முட்டையைத் தொடாதவர். பிறகு கீழே போய் மருந்து கொண்டுவந்து என் கன்னத்தில் தடவினார்.

"டாக்டர் சாப்பிடச் சொன்னாருக்கா. உடம்புக்கு முடியல."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா வீடு குடுத்திருப்பீங்களா?"

அவர் மருந்து காய்வதற்காகக் கன்னத்தில் மெதுவாக ஊதினார். "இன்னிக்கு ஸ்கூலுக்குப் போவாதீங்க, வெயில் பட்டா எரியும்" என்றார். "அடுத்த மாசத்துக்குள்ள வேற வீடு பாத்துக்கோங்க. எனக்கு மனசு ஒத்துக்கல." இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார்.

அவர் இறங்கிப் போன பிறகு கணவர் பால் பாக்கெட்டோடு வந்தார். "வீடு போச்சு" என்றேன். அவர் துணியை எடுத்துத் தரையைத் துடைக்க உட்கார்ந்தார்.

கீழே குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. விடிவதற்குமுன் தலை குளித்திருந்தவர், மறுபடியும் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். குவளை குவளையாக, நிற்காமல். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அழுகைதான் வந்தது. முட்டையைத் தொட்டதற்காகக் குளிக்கிறாரா, என்னைத் தொட்டதற்காகவா என்று தெரியவில்லை. போய்க் கேட்கவும் எனக்குத் தெம்பில்லை.