இலவசப் பட்டு ஓடிய திரை

முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டே, ஆரணியில் ஒரு பட்டுக்கடையின் வாசல் திரைக்கு அசையும் எழுத்து விளம்பரங்கள் செய்து தரும் வேலையில் சேர்ந்தேன். சேர்ந்த வாரமே வேலை ஆட்டம் கண்டது.

"இம்மாம் பெரிய ஸ்கிரீன் வெச்சும் ஒரு ஆளு உள்ள வரல. இந்த முகூர்த்தத்துக்கும் கூட்டம் வரலைன்னா நீ காலேஜைப் பாத்துகினு போயிடும்மா" என்றார் முதலாளி.

காரணம் எனக்குத் தெரியும். எழுத்துகள் வந்து சேர்ந்தபின் அசையாமல் நிற்கும் நேரத்தை 'ஹோல்டு' என்போம். அதை அறவே வெட்டச் சொன்னவர் அவர். தறியில் உட்கார்ந்து வளர்ந்தவர்.

"தறியில நாடா பறக்கற மாதிரி எழுத்து பறக்கணும். ஜல்தி ஜல்தி!"

"படிக்க முடியலீங்க சார்."

"எனக்கு நல்லா படிக்க வருதே!"

வரத்தான் செய்யும். வாசகத்தை எழுதியவரே அவர். திரையைப் படிக்காமல் தம் நினைவைப் படித்துக்கொண்டிருந்தார். இதை எடுத்துச் சொல்லும் தைரியம் எனக்கில்லை. மறுநாள் வேகத்தைத் தொடாமல் வாசகத்தை மட்டும் மாற்றினேன்.

முதலாளி வாசலில் நின்று ரசித்தார். "இன்னாமா கீது பாரு! இப்படியே ஓடட்டும்."

மதியம்வரை ஓடியது. எதிரே பேருந்துக்கு நின்றவர்கள் நிமிர்ந்தார்கள். முதல் சொல்லுக்கு உதடு அசைந்தது. அத்துடன் கைப்பேசிக்குத் திரும்பினார்கள். பிறகு முதலாளியை அழைத்து, கணினியில் வாசகத்தை நிறுத்திக் காட்டினேன்: 'இன்று வரும் அனைவருக்கும் ஒரு பட்டுப்புடவை இலவசம்.'

"அடிப்பாவி! கடையையே தூக்கிக் குடுத்துட்டியே! நிறுத்து மொதல்ல!"

"நீங்கதான் சார் ஓடட்டும்னீங்க. காலையிலேர்ந்து யாராச்சும் வந்து கேட்டாங்களா?"

அவர் தெருவைப் பார்த்தார். வெறிச்சோடிய கடையைப் பார்த்தார். குரல் இறங்கியது. "அப்போ எவ்ளோ நேரம் நிக்கணும்ன்ற?"

வேலை தப்பியது என்று மூச்சுவிட்டபோது, சேத்துப்பட்டிலிருந்து வந்திருந்த ஒரு தாயும் மகளும் உள்ளே நுழைந்தார்கள். மகள் கைப்பேசியை நீட்டினாள். திரையைப் படம்பிடித்து, ஸ்லோமோஷனில் ஓட்டிப் படித்திருந்தாள்.

"அங்கிள், எங்கம்மாவுக்கு அரக்கு கலர்ல எடுத்துப் போடுங்க."

முதலாளி என்னை முறைத்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பேஜாரா பூட்ச்சே! குடுத்துத் தொலைம்மா. அப்படியே அந்த எழுத்தை இனிமே நடந்து வரச் சொல்லு."

இத்தொழிலுக்கு வருவோருக்குச் சொல்ல என்னிடம் இரண்டு உண்டு. எழுத்தின் வேகத்தை எழுதியவரிடம் சோதிக்காதீர்கள். எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் படித்தே தீருவேன் என்பவர் ஒருவர் இருப்பார்; அவர் படித்தாலும் பாதகமில்லாததையே எழுதுங்கள்.