மதுரனின் முழங்கால்

கொன்ஸ்ரன்ரைன் ஒஸ்லோவில் ட்ராம் ஓட்டுகிறவர். வேலை முடிந்த பின்னேரங்களில் தமிழ் மாணவர்களின் உதைபந்தாட்ட அணிக்குப் பயிற்சி கொடுப்பார். மாணவர் லீக்கில் அந்த அணி ஆண்டுதோறும் கடைசி இடத்துக்குப் பக்கத்திலேயே அல்லாடியது.

அவர் உழைப்பில் குறை வைக்கவில்லை. மழையிலும் உறைபனியிலும் ஓடவிட்டார். ஆனாலும் தோல்விதான். ஒரு குளிர்காலத்தில் அவருக்கு ஒன்று விளங்கியது. வெல்கிற அணிகள் அவருடைய அணியைவிடக் கூடுதலாகப் பயிற்சி செய்யவில்லை. அவை ஆட்களைத் தேடிப் பிடித்தன. புதிதாகப் படிக்க வருகிறவர்களில் நல்ல ஆட்டக்காரனை முதலில் மடக்குகிற அணி, பாதி ஆட்டத்தை மைதானத்துக்கு வருமுன்பே வென்றுவிடுகிறது.

அவரும் தேடத் தொடங்கினார். பெரிய கழகமொன்றில் ஆடிய இரண்டு தமிழ் மாணவர்களை ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்கு அழைத்து, பீட்சா வாங்கிக் கொடுத்துச் சம்மதிக்க வைத்தார். ஜனவரியில், மாணவர் விடுதியொன்றில் கவியரசனைக் கண்டுபிடித்தார். கோயம்புத்தூரில் கல்லூரி அணிக்கு ஆடிவிட்டு, முதுகலை படிக்க வந்தவன். கோல்காப்பாளன். நெடிய கைகள். பந்து தானாகவே அவனிடம் போய்ச் சேர்வது போலிருக்கும்.

ஆனால் அணிக்கு ஏற்கெனவே ஒரு கோல்காப்பாளன் இருந்தான். நகரின் புறத்தே உள்ள ஹொல்ம்லியாவைச் சேர்ந்த மதுரன். ஆட்கள் இல்லாமல் அணி கலைய இருந்த ஆண்டில், வீடு வீடாக அலைந்து எல்லாரையும் சேர்த்து நிறுத்தியவன் அவன்தான். ஆட்டம் மட்டும் சுமார்.

"உன்னைவிட நல்ல கோல்கீப்பர் கிடைச்சிட்டான்" என்று சொல்ல கொன்ஸ்ரன்ரைனுக்கு வாய் வரவில்லை. பெப்ரவரியில், பயிற்சியின்போது மதுரன் வழுக்கி விழுந்து நொண்டிக்கொண்டு எழும்பினான். அவருக்கு வழி கிடைத்தது.

"தம்பி, உந்த முழங்கால் எனக்குச் சரியாப் படேல்லை. இந்த சீசன் ஆறவிடு."

"உண்மையாவோ அண்ணை? எனக்குப் பெரிசா நோகேல்லையே."

"நான் எத்தினை பேரைப் பாத்தனான். சொல்லுறதைக் கேள்."

மதுரன் கேட்டான். அப்படியே நம்பினான். டொக்டரிடம் போனான், ஸ்கான் எடுக்க மாதக்கணக்கான வரிசையில் காத்திருந்தான். பாரம் தூக்கக் கூடாதென்று, பண்டகசாலையில் செய்த பகுதிநேர வேலையையும் விட்டான். ஆனாலும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முழங்காலில் பட்டி கட்டிக்கொண்டு வந்து, கவியரசனுக்குப் பந்து எறிந்து கை சூடேற்றிவிடுவான். அந்த நேரங்களில் கொன்ஸ்ரன்ரைன் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவார்.

"அந்தப் பெடியன்ரை காலுக்கு என்னவாம்?" என்று மனைவி மரியரஞ்சனி ஒருநாள் கேட்டாள். "ஸ்டேசன் படியிலை ஓடி ஏறுறதைக் கண்டனான்."

"டொக்டர்மார் பாப்பினம்தானே" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார்.

இலையுதிர்காலத்தில் அணி கிண்ணத்தை வென்றது. இறுதியாட்டத்தில் பெனால்டிகளைத் தடுத்தவன் கவியரசன். மறுநாள் மதியம் சிறிய மண்டபமொன்றில் சாப்பாடு. எல்லாரும் கேட்டுக்கொள்ள, அவன் எழுந்து பேசினான்.

"எங்க காலேஜ் டீம்லகூட எனக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கல. ஜனவரிலேயே சார் ஹாஸ்டலுக்கு வந்து, 'கோல் உனக்குத்தான், வேற யாரும் கிடையாது'ன்னு சொல்லிட்டாரு!"

எல்லாரும் கைதட்டினார்கள். மதுரனின் கைகள் பாதியில் நின்றன.

கொன்ஸ்ரன்ரைன் வெளியே போனார். மதுரன் பின்னாலேயே வந்தான்.

"அண்ணை, நான் விழுந்தது பெப்ரவரியிலை."

"ஓம்."

"அப்ப, முழங்கால்?"

"காலுக்கு ஒண்டுமில்லை, தம்பி. எனக்குச் சொல்லத் தைரியம் வரேல்லை."

மதுரன் குனிந்து தன் முழங்காலைப் பார்த்தான். "கவி என்னைவிட நல்லா ஆடுறான். அது எனக்கும் தெரியும். சொல்லியிருந்தா நானே விலகியிருப்பன். இந்தக் காலை நினைச்சு எவ்வளவு பயந்தனான் தெரியுமோ?"

பிறகு ரயில் நிலையத்தை நோக்கி நடந்தான். மாதக்கணக்கான பழக்கத்தில் இன்னும் இலேசாக நொண்டினான்.

அடுத்த ஆண்டு கவியரசன் பேர்கன் நகரில் வேலை கிடைத்துப் போனான். ஸ்ட்ரோம்மனில் பிடித்த இருவரும் பழைய கழகத்துக்கே திரும்பினார்கள். கொன்ஸ்ரன்ரைன் இன்னும் ஆட்களைத் தேடத்தான் செய்கிறார். தேடாமல் வெல்ல முடியாது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் யாரையாவது அணியிலிருந்து நிறுத்த வேண்டி வந்தால், முன்னால் இருத்தி வைத்துக் காரணத்தைச் சொல்லிவிடுகிறார். அப்படிச் சொன்ன நாட்களில் அவருக்கு இரவுச் சாப்பாடு இறங்குவதில்லை.

மதுரனைத் திரும்பக் கூப்பிட்டும் பார்த்தார். அவன் மரியாதையாக மறுத்துவிட்டான். ஹொல்ம்லியாவில் வேறொரு சின்ன அணிக்கு ஆடுகிறானாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அங்கே போய் வேலிக்கு வெளியே நின்றார். இடைவேளையில் மதுரன் அவரைக் கண்டு கிட்ட வந்தான். என்ன கதைப்பதென்று தெரியாமல், அவர் வாயிலிருந்து அந்தக் கேள்விதான் விழுந்தது.

"கால் எப்பிடி, தம்பி?"

கேட்டபின்தான் என்ன கேட்டோம் என்று அவருக்கு விளங்கியது.

"அது எப்பவும் நல்லாத்தான் இருந்தது, அண்ணை" என்றான் மதுரன். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. மைதானத்துக்குத் திரும்பி ஓடிவிட்டான்.

கொன்ஸ்ரன்ரைன் ஆட்டம் முடியும்வரை நின்று பார்த்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் ரயிலேறினார்.